பினாயிலால் தீராத பிழை

குளியலறை வடிகாலிலிருந்து துர்நாற்றம் எழுந்தால் அந்த வீட்டில் சுத்தம் போதவில்லை என்று முடிவுகட்டுவது தமிழ்நாட்டின் நகரங்களில் வேரூன்றிவிட்ட வழக்கம். வார இதழ்களின் வீட்டுக் குறிப்புப் பகுதிகள் ஆப்பசோடாவையும் வினிகரையும் கலந்து ஊற்றச் சொல்கின்றன. தொலைக்காட்சி விளம்பரங்கள் வண்ணத் திரவங்களை நாற்றத்துக்கு மருந்தாகக் காட்டுகின்றன. கட்டிக்கொடுத்த ஒப்பந்ததாரரிடம் முறையிட்டால், வாரம் ஒருமுறை ஆசிட் போட்டுக் கழுவுங்கள் என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இந்தக் கருத்தின் சுமை கடைசியில் வீட்டுப் பெண்களின் தலையிலும், வீட்டுவேலைக்கு வரும் பெண்களின் தலையிலும்தான் இறங்குகிறது. வாடகை வீடாக இருந்தால், குடியிருப்பவர்கள் வீட்டைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்ற பழியும் சேர்ந்துகொள்கிறது. இக்கருத்து தவறானது என்பதோடு, பிழை செய்தவரை விட்டுவிட்டுப் பிழைக்கு ஆளானவரைக் குற்றவாளியாக்கும் அநீதியும் அதற்குள் இருக்கிறது. வடிகால் நாற்றத்தில் மிகப் பெரும்பகுதி குழாய் வேலையின் பிழையால் விளைவது. அதைத் தேய்த்துக் கழுவித் தீர்க்க முடியாது.

நாற்றம் எங்கே பிறக்கிறது என்பதிலிருந்தே இந்த மறுப்பைத் தொடங்க வேண்டும். மலமும் சோப்பு நீரும் உணவுக் கழிவும் காற்றுப் படாமல் தேங்கும் இடத்தில், உயிர்வளி தேவைப்படாத நுண்ணுயிரிகள் அவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவை வெளியிடுகின்றன. அழுகிய முட்டையின் வாடை என்று எல்லோரும் அடையாளம் சொல்லும் வாடை இந்த வாயுவினுடையதே. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் மிகக் குறைவாக இருந்தால்கூட மனித மூக்கு இதைக் கண்டுகொள்ளும். இது பிறக்கும் இடம் செப்டிக் டேங்க், தெருப் பாதாளச் சாக்கடை, இவ்விரண்டுக்கும் வீட்டுக்கும் நடுவே குழாய்கள் கூடும் சேம்பர் எனப்படும் தொட்டி ஆகியவைதான். குளியலறைத் தரையின் டைல்ஸ் மேல், நாள்தோறும் நீர் பட்டுக் காற்றோட்டத்தில் உலரும் இடத்தில், இவ்வாயு உருவாவதற்கான சூழலே கிடையாது. எனவே நாற்றம் உண்டாவதைத் தடுப்பது யாராலும் ஆகாத காரியம். செப்டிக் டேங்க் என்றால் அதில் வாயு இருந்தே தீரும். கேட்க வேண்டிய கேள்வி, அங்கே பிறந்த வாயு வீட்டுக்குள் எந்த வழியாக நுழைந்தது என்பது. தரையைக் கழுவியதா இல்லையா என்ற விசாரணை இந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை.

வாயு நுழையாதபடி தடுக்கும் ஏற்பாடு மிக எளியது, மிகப் பழையதும்கூட. கழிவுநீர் இறங்கும் குழாயில் ஒரு வளைவை அமைத்து, நீர் ஓடி முடிந்த பின்னும் அவ்வளைவில் கொஞ்சம் நீர் தேங்கி நிற்குமாறு செய்தால், தேங்கிய நீர் மேலே உள்ள அறைக்கும் கீழே உள்ள சாக்கடைக்கும் இடையே கதவு போல நின்றுவிடும். இந்த வளைவுக்குத் தொழிலாளர் வழக்கில் டிராப் என்று பெயர். அதில் நிற்கும் நீரின் உயரத்தை வாட்டர் சீல் என்பார்கள், தமிழில் நீர்த்தடுப்பு எனலாம். லண்டனில் கடிகாரத் தொழில் செய்த அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் 1775-இல் கழிப்பறைக்காகக் காப்புரிமை பெற்ற அமைப்பில் இத்தகைய வளைவு இடம்பெற்றது. இன்று வெஸ்டர்ன் டாய்லெட்டின் பீங்கானுக்குள் தெரியும் நீரும் அதே கொள்கையில்தான் நிற்கிறது. குளியலறைத் தரையில் ஜல்லடைத் தட்டுக்குக் கீழே பதிக்கப்படும் நானி டிராப்பும், வாஷ் பேசினுக்கு அடியில் தொங்கும் பாட்டில் டிராப்பும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. நீர்த்தடுப்பு 50 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது இந்தியாவிலும் பிற நாடுகளிலும் கட்டட நெறிகள் பொதுவாக வலியுறுத்தும் அளவு. இரண்டு அங்குல நீர் தன் இடத்தில் இருந்தால் நாற்றம் இல்லை, அது இல்லாவிட்டால் எந்த வாசனைத் திரவியமும் போதாது. இந்தப் பிரச்சினையின் இயற்பியல் முழுவதும் இவ்வளவுதான்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும்: பினாயில் ஊற்றிக் கழுவியதும் நாற்றம் நின்றுவிடுகிறதே, அப்படியானால் அழுக்குத்தானே காரணம் என்பார்கள். நிலவும் கருத்துக்கு இருக்கும் ஒரே கண்கூடான ஆதாரம் இதுதான் என்பதால் இதை நிதானமாகப் பார்க்க வேண்டும். பினாயிலை யாரும் தனியாக ஊற்றிவிட்டுப் போவதில்லை. அதைத் தொடர்ந்து ஒரு வாளி நீர் ஊற்றப்படுகிறது. அந்த நீர், வறண்டுகிடந்த டிராப்பை மறுபடி நிரப்புகிறது, வாயுவின் வழி அடைபடுகிறது, நாற்றம் நிற்கிறது. பினாயில் இல்லாமல் வெறும் நீரை ஊற்றிப் பார்த்தாலும் விளைவு அதேதான். நீரின் வேலையைப் பினாயிலின் கணக்கில் எழுதிக்கொள்வதால்தான் இத்தவறான நம்பிக்கை தலைமுறை தலைமுறையாகத் தப்பிப் பிழைக்கிறது. ஓரிரு நாளிலேயே நாற்றம் திரும்பும்போதும், கழுவியது போதவில்லை என்று மேலும் கழுவுகிறார்களே ஒழிய, நிரப்பிய நீர் எங்கே போயிற்று என்று கேட்பதில்லை.

நாற்றத்தை வாசனையாலும் வேதிப்பொருளாலும் வெல்ல முயன்று தோற்ற கதை வரலாற்றில் பெரிய அளவிலேயே நடந்திருக்கிறது. 1858-ஆம் ஆண்டுக் கோடையில் லண்டனின் தேம்ஸ் ஆறு, நகரத்தின் மலம் முழுவதையும் சுமந்து, வெயிலில் அழுகி நாறியபோது, ஆற்றங்கரையில் இருந்த நாடாளுமன்றக் கட்டடத்தின் திரைச்சீலைகளைச் சலவைச் சுண்ணாம்புக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். அதனால் எதுவும் தீரவில்லை. தீர்த்தது, ஜோசப் பாசல்ஜெட் என்ற பொறியாளர் அடுத்த ஆண்டுகளில் கட்டியெழுப்பிய இடைமறிப்புச் சாக்கடைகள். அவை கழிவை நகரத்துக்கு நடுவே ஆற்றில் விழவிடாமல் கிழக்கே வெகுதூரம் கொண்டுசென்றன. சலவைச் சுண்ணாம்பை நம்பிய நாடாளுமன்றம் சில வாரங்களிலேயே குழாயின் பக்கம் திரும்பிவிட்டது. நம் வீடுகளோ இன்னும் திரைச்சீலையை நனைத்துக்கொண்டிருக்கின்றன.

டிராப்பில் நின்ற நீர் போவதற்குப் பல வழிகள் உண்டு. அவற்றுள் ஆவியாவது ஒன்றுதான் வீட்டாரின் பயன்பாட்டோடு தொடர்புடையது. பயன்படாத விருந்தினர் குளியலறையிலும், பூட்டிக்கிடக்கும் வீட்டிலும் சில வாரங்களில் நீர் வற்றிவிடும், கோடையில் இன்னும் விரைவாக வற்றும். மற்றவை யாவும் குழாய் போட்டவரின் கையில் இருந்தவை. அவற்றில் மிக முக்கியமானது காற்று. மேல்மாடியில் ஒருவர் டாய்லெட்டை ஃபிளஷ் செய்யும்போது, ஒரு பெரும் நீர்த்திரள் செங்குத்துக் குழாயின் வழியே விழுகிறது. விழும் நீர் தனக்கு முன்னே உள்ள காற்றை நெருக்குகிறது, பின்னே வெற்றிடத்தை உண்டாக்குகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்பக் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். அதற்கென்றே செங்குத்துக் குழாயை மொட்டைமாடிக்கு மேல்வரை நீட்டி, திறந்த வாயாக விடுவது முறை. இதுவே வெண்ட் பைப் எனப்படும் காற்றுக்குழாய். அது இல்லாத கட்டடத்தில், விழும் நீர் தனக்கு வேண்டிய காற்றைக் கீழ்மாடிக் குளியலறையின் டிராப் வழியாக இழுக்கிறது; இழுக்கும்போது அதில் நின்ற நீரையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு போகிறது. யாரும் குளிக்காத நேரத்தில் தரை வடிகாலிலிருந்து 'களக் களக்' என்று எழும் ஒலியை அடுக்குமாடிவாசிகள் பலர் கேட்டிருப்பார்கள். நீர்த்தடுப்பு உடையும் ஒலி அது. அதைத் தொடர்ந்து வரும் நாற்றத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் எப்படிப் பொறுப்பாக முடியும்? தன் குளியலறையை அவர் பளிங்காகத் தேய்த்து வைத்திருந்தாலும், மூன்றாம் மாடியில் ஒரு பொத்தான் அழுத்தப்படும்போதெல்லாம் அவர் வீட்டின் கதவு திறந்துவிடுகிறது.

இந்தக் காற்றுக்குழாயை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று பார்த்தால் காரணங்கள் அற்பமானவை. முகப்பின் அழகு கெடுகிறது என்று பாதியில் வெட்டிவிடுவது, மழைநீர் புகும் என்று மூடி போட்டு ஒட்டிவிடுவது, சில அடி பிவிசி குழாயை மிச்சப்படுத்துவது, கொசு வரும் என்று சொல்லி அடைப்பது என்ற அளவிலேயே அவை நின்றுவிடுகின்றன. கொசுவுக்கு வலை உண்டு. செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர நெறியே, காற்றுக்குழாயின் வாயில் கொசு புகாத கம்பிவலை போட வேண்டும் என்றும், டேங்க் வீட்டுக்கு அருகில் இருந்தால் குழாய் கட்டட உச்சிக்கு மேல் சுமார் 2 மீட்டர் உயர்ந்து நிற்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த வாயு போவதற்கு வானத்தில் வழி விடாவிட்டால், குளியலறையில் வழி தேடிக்கொள்ளும்.

நானி டிராப்பை அருகில் வைத்துப் பார்த்தால் இன்னொரு பிழை தெரியும். மலிவான டிராப்புகளில் நீர் நிற்கும் ஆழம் 50 மில்லிமீட்டரில் பாதிகூட இருப்பதில்லை. தரைக்கடியில் இடம் போதவில்லை என்று இவற்றையே விரும்பி வாங்குகிறார்கள். இன்னொரு வகையில், ஜல்லடைக்கு அடியில் ஒரு கிண்ணம் கவிழ்ந்திருக்கும்; அதன் விளிம்பு நீருக்குள் மூழ்கியிருப்பதே நீர்த்தடுப்பு. அக்கிண்ணத்தில் முடி சிக்கி நீர் மெதுவாக இறங்குகிறது என்று யாரோ ஒருவர் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்; பல வேளைகளில், அடைப்பை எடுக்க வந்த பிளம்பரே கழற்றிவிட்டு, இனி அடைக்காது என்று உறுதியும் கொடுத்துப் போகிறார். அவர் சொன்னது உண்மை, இனி அடைக்காது. ஆனால் அந்நொடியிலிருந்து அந்தக் குளியலறைக்கும் சாக்கடைக்கும் நடுவே எதுவுமே இல்லை. கரப்பான்பூச்சி வராமல் தடுக்கும் என்று விற்கப்படும் ஜல்லடைத் தட்டும் வாயுவைத் தடுப்பதில்லை.

வாஷ் பேசினிலும் கதை இதுவே. பேசினுக்கு அடியில் பாட்டில் டிராப் இருக்க வேண்டிய இடத்தில், மடிப்பு மடிப்பாக நீளும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் மறுமுனையைச் சுவரிலுள்ள ஓட்டைக்குள் சொருகி, இடைவெளியில் துணியையோ வெள்ளைச் சிமெண்டையோ திணித்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. சொருகிய முனையைச் சுற்றியுள்ள விரல் அகல இடைவெளியே போதும், வாயு தாராளமாக வரும். வாஷிங் மெஷினின் வடிகுழாய்க்கும் இதே கதிதான். அது மோட்டார் வேகத்தில் நீரைத் தள்ளுவதால், அதே வரிசையில் உள்ள ஆழம் குறைந்த டிராப்பின் நீரையும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

மிகவும் கொடியது, கண்ணுக்கே தெரியாத பிழை. அடுக்குமாடிகளில் குளியலறையின் தளத்தை மற்ற அறைகளைவிட ஓரடி, ஒன்றரையடி தாழ்த்தி வார்த்து, அந்தப் பள்ளத்துக்குள் குழாய்களைப் பதித்து, மேலே செங்கல் உடைசலும் கட்டட இடிபாடும் போட்டு நிரப்பி, அதன் மேல் டைல்ஸ் ஒட்டுகிறார்கள். இதைத்தான் சங்கன் ஸ்லாப் என்கிறார்கள். இந்த நிரப்பலுக்குள் ஓர் இணைப்பு சரியாக ஒட்டப்படாமல் இருந்தால், குளிக்கும் நீரில் ஒரு பகுதி ஒவ்வொரு நாளும் இடிபாட்டுக்குள் கசிந்து தேங்குகிறது. வெளியேற வழியற்ற அந்தச் சோப்பு நீர், காற்றுப் படாத ஒரு சிறு செப்டிக் டேங்காகவே மாறி, டைல்ஸ் இடுக்குகளின் வழியாக நாற்றத்தை மேலே அனுப்புகிறது. கீழ்வீட்டின் மேற்கூரையில் ஈரக்கறையும் படரும். நிரப்புவதற்கு முன் பள்ளத்துக்கு நீர்க்காப்புப் பூச்சு பூசி, தேங்கும் நீர் வடிய அடித்தளத்தில் தனியாக ஒரு சிறு குழாய் விட்டிருந்தால் இது நேராது. டைல்ஸை எத்தனை முறை ஆசிட்டால் தேய்த்தாலும், இடுக்கிலுள்ள சிமெண்ட் அரிக்கப்பட்டு, வாயுவின் வழி மேலும் அகலமாகும். சுத்தம் செய்யச் செய்ய நாற்றம் கூடும் வீடு என்று சிலர் புலம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தனிவீடுகளில் தவறு வேறோர் இடத்தில் நடக்கிறது. குளியலறை நீரும் சமையலறை நீரும் மலக்குழாயோடு சேர்வதற்கு முன், வீட்டுக்கு வெளியே தரைமட்டத்தில் ஒரு தொட்டிக்குள் இருக்கும் பெரிய டிராப்பின் வழியாகக் கடக்க வேண்டும். இதற்குக் கல்லி டிராப் என்று பெயர். வீட்டுக்குள் இருக்கும் சிறு டிராப்புகள் தோற்றாலும் காப்பாற்றும் இரண்டாவது அரண் இது. இதை விட்டுவிட்டுக் குளியலறைக் குழாயை நேராகச் செப்டிக் டேங்க் போகும் வரிசையில் இணைப்பதால் மிஞ்சும் செலவு ஒரு நாள் கூலி அளவுக்கே இருக்கும். குழாயின் சரிவும் கவனிக்கப்படுவதில்லை. நாலங்குலக் குழாய்க்கு நாற்பது அடி நீளத்துக்கு ஓர் அடி இறக்கம் என்பது தொழிலில் நெடுங்காலமாக இருந்துவரும் கணக்கு. மட்டக்குழாய் வைத்துப் பார்க்காமல் கண்ணளவில் போட்ட வரிசையில், நடுவே தொய்ந்த இடங்களில் கழிவு படிந்து அழுகத் தொடங்குகிறது.

தூய்மை வாதம் தீங்கற்றது, செய்துவைத்தால் கெடுதல் ஒன்றுமில்லை என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். கெடுதல் உண்டு. சல்பைடு நிறைந்த கசடின் மேல் ஆசிட் ஊற்றினால், அதில் கரைந்திருந்த சல்பைடு வாயுவாக மாறி மொத்தமாக மேலே எழும். சன்னல் இல்லாத குளியலறையில் குனிந்து ஊற்றுபவரின் முகத்துக்கு நேராகவே அது வரும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் அடுத்தடுத்துப் போட்டால் குளோரின் வாயு உண்டாகி நுரையீரலை எரிக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் வேலை வேகமாக நடக்கும் என்று நம்புபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிளீச்சிங் பவுடர் அளவுமீறிச் செப்டிக் டேங்கை அடைந்தால், கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிரிகளே அழிந்து, டேங்க் விரைவாக நிரம்பும். இவை எல்லாவற்றையும்விட, நாற்றம் ஓர் எச்சரிக்கை என்பதை இந்த வாதம் மறக்கடிக்கிறது. செப்டிக் டேங்குக்குள் இறக்கப்பட்ட தொழிலாளர்களைக் கொன்றுவருவது இதே ஹைட்ரஜன் சல்பைடுதான். அடர்த்தி கூடும்போது அது மூக்கின் நுகரும் திறனையே முடக்கிவிடுவதால், ஆபத்து உச்சத்தில் இருக்கும்போது வாடையே தெரிவதில்லை. குளியலறையில் வருவது அவ்வளவு அடர்த்தியானதன்று. ஆனாலும் அது தெருச் சாக்கடையிலிருந்து வீட்டுக்குள் ஒரு திறந்த வழி இருக்கிறது என்பதைச் சொல்லும் செய்தி, அந்தச் செய்தியை எலுமிச்சை வாசனையால் மூடிவிடுவது அறிவுடைமையாகாது.

அத்திறந்த வழியில் நாற்றம் மட்டும்தான் வரும் என்பதும் இல்லை. 2003-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோர் சார்ஸ் நோய்க்கு ஆளானார்கள். பாதிக்கப்பட்டவர்களில் சுமார் ஐந்தில் இரண்டு பங்கினர் ஒரே கட்டடத்தில் குவிந்திருந்தனர். வயிற்றுப்போக்கோடு வந்திருந்த ஒரு நோயாளி அக்கட்டடத்தின் கழிப்பறையைப் பயன்படுத்தியதும், பல வீடுகளின் குளியலறைத் தரை டிராப்புகள் நீரின்றி வறண்டிருந்ததும், குளியலறையின் எக்ஸாஸ்ட் விசிறி அந்த வறண்ட டிராப்புகளின் வழியே கழிவுக்குழாயின் காற்றையும் நுண்துளிகளையும் வீட்டுக்குள் இழுத்ததும் சேர்ந்துதான் நோய் பரவியிருக்கக்கூடும் என்று விசாரணைகள் விளக்கின. டிராப்புகள் வறண்டதற்கான காரணம் இவ்வாதத்துக்கு மிக நெருக்கமானது. அக்குடியிருப்பாளர்கள் தரையில் நீரை ஊற்றிக் கழுவாமல், ஈரத்துணியால் துடைத்தே சுத்தம் செய்துவந்தார்கள். சுத்தமாகத்தான் இருந்தார்கள், டிராப்பில் நீர் இல்லை. சுத்தமும் நீர்த்தடுப்பும் வேறுவேறு என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று தேவையில்லை.

எக்ஸாஸ்ட் விசிறியை நாற்றத்துக்குத் தீர்வாகப் பரிந்துரைப்பதும் இக்காரணத்தால் ஏற்கத்தக்கதன்று. விசிறி அறையின் காற்றை வெளியே தள்ளும்போது, அந்த இடத்தை நிரப்ப வேறு காற்று உள்ளே வர வேண்டும்; கதவு இறுக மூடியிருந்து, டிராப்பும் வறண்டிருந்தால், எளிதாகக் கிடைக்கும் காற்று சாக்கடைக் காற்றுதான். விசிறி போட்டதும் நாற்றம் கூடுகிறது என்று ஒரு வீட்டார் சொன்னால், அந்த வீட்டின் டிராப் பழுதென்று அதிலிருந்தே அறிந்துகொள்ளலாம்.

அழுக்கே ஒருபோதும் காரணமாகாது என்று சாதிப்பது இங்கே நோக்கமில்லை. பாட்டில் டிராப்பில் முடியும் சோப்புக் கசடும் படிந்து அழுகினால் நாற்றம் வரும். ஜல்லடைக்கு அடியிலும் கருநிற வழவழப்பு படியும். அதைக் கழற்றித் தேய்த்துக் கழுவினால் நாற்றம் போய்விடும், மாதக்கணக்கில் திரும்பாது. இந்த வகையையும் மற்றதையும் பிரித்தறிய யாருடைய உதவியும் தேவையில்லை. ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு குவளை நீரை ஊற்றிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் பையில் நீரை நிரப்பிக் கட்டி ஜல்லடையின் மேல் அழுந்த வைத்து, கதவைச் சாத்திவிட்டுச் சில மணி நேரம் கழித்துத் திறந்து பார்க்கலாம். நாற்றம் நின்றிருந்தால் வழி அந்த வடிகாலே. பையை எடுத்த பின் டார்ச் விளக்கடித்துப் பார்த்தால், டிராப்புக்குள் நீர் மினுங்குகிறதா, வெறும் குழாய் தெரிகிறதா என்பது கண்ணுக்கே புலப்படும். நீர் நிரப்பிய சில மணி நேரத்திலேயே, அதுவும் மேல்வீட்டில் நீர் இறங்கிய பின், அது குறைந்துபோயிருந்தால் காற்றுக்குழாய் இல்லை என்று பொருள். வடிகால்கள் அனைத்தையும் மூடிய பின்னும் நாற்றம் நிற்காவிட்டால், டாய்லெட்டின் அடியிலுள்ள இணைப்பிலோ, தரைக்கடியிலுள்ள நிரப்பலிலோ கசிவு இருக்கிறது. வாரக்கணக்கில் பயன்படாத அறை என்றால் மட்டும், நீர் ஊற்றி அதன்மேல் இரண்டு கரண்டி சமையல் எண்ணெயை மிதக்கவிட்டால் ஆவியாவது குறையும். அங்கே யாருடைய பிழையும் இல்லை.

இவ்வளவும் பிளம்பர்களின் தலையில் பழியைத் தூக்கி வைப்பதற்கான வாதமென்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பெண்கள் மீதிருந்த பழியைக் கூலித்தொழிலாளர் மீது இறக்கிவைப்பதால் நீதி பிறந்துவிடாது. வேலையை நேரில் பார்த்துப் பழகியே கற்ற தொழிலாளியிடம், கழிவுக்குழாய் எப்படிப் போக வேண்டும் என்று வரைபடம் கொடுப்பவர்கள் மிகச் சிலர்; பல வீடுகளில் அறையின் வரைபடம் இருக்கும், டைல்ஸின் வண்ணப்படம் இருக்கும், குழாயின் பாதையைக் காட்டும் ஒரு கோடுகூட இருக்காது. இந்தியத் தேசியக் கட்டட நெறியின் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பில் குழாய்ப் பணிகளுக்கென்றே ஒரு தனிப் பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதைப் புரட்டிப் பார்க்காத பொறியாளர் கையெழுத்திட்ட கட்டடங்கள் எத்தனையோ. சதுர அடிக் கணக்கில் விலை பேசி முடித்த ஒப்பந்ததாரர், கண்ணுக்குத் தெரியும் பொருளில் தரத்தைக் காட்டி, தெரியாத பொருளில் மிச்சம் பிடிக்கிறார். வாங்குபவரும் குழாயைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. பொறுப்பு இந்த வரிசையில்தான் பகிரப்பட வேண்டும்: முதலில் வரைந்தவரும் மேற்பார்த்தவரும், பின்னர் விலை பேசியவர், கடைசியாகவே கையில் குழாயைப் பிடித்தவர். குடியிருப்பவர் இந்த வரிசையில் எங்குமே இல்லை.

கட்டி முடித்த வீட்டில் இனி என்ன செய்ய முடியும், இடிக்கவா முடியும் என்பது கடைசியாக வரும் வாதம். பல பிழைகளை இடிக்காமலே திருத்தலாம். பேசின் குழாய்க்கு டிராப் மாட்டி, சொருகிய இடத்துக்கு ரப்பர் வளையம் போடுவது ஒரு மணி நேர வேலை. கழற்றி எறிந்த கிண்ணத்துக்கு மாற்றுக் கிண்ணம் கடையில் கிடைக்கும். ஆழமில்லாத டிராப்புக்குள் பொருந்தி, நீர் இறங்கியதும் மூடிக்கொள்ளும் சிலிக்கோன் உறைகளும் விற்கின்றன, ஆனால் அவற்றில் முடி சிக்கினால் மூடாது என்பதால் அவற்றை நீர்த்தடுப்புக்கு ஈடாகக் கொள்ள முடியாது. மொட்டைமாடியில் அடைபட்ட காற்றுக்குழாயின் மூடியை எடுத்து வலை போடச் சில நூறு ரூபாய் போதும். குழாயே இல்லாத இடத்தில், காற்றை உள்ளே விட்டு வெளியே விடாத ஒருவழி வால்வை வெளிப்புறச் செங்குத்துக் குழாயில் பொருத்த முடியும். சங்கன் ஸ்லாப்புக்குள் இருக்கும் கசிவு மட்டுமே தரையைத் தோண்டக் கேட்கும். அதற்கான செலவைக் கட்டிக்கொடுத்தவரிடம் கேட்பதற்கு வீட்டுக்காரருக்கு முழு உரிமை உண்டு, அந்த உரிமையை இதுவரை பெரும்பாலோர் பயன்படுத்தாததற்குக் காரணம், குற்றம் தங்கள் வீட்டுச் சுத்தத்தில் இருப்பதாக அவர்களே நம்பிவிட்டதுதான்.

புதிதாகக் கட்டுபவர்கள் டைல்ஸ் ஒட்டும் நாளுக்கு முன்பே சிலவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நிரப்புவதற்கு முன் குழாயின் கீழ்முனையை அடைத்து, நீரை நிறைத்து, ஓர் இரவு மட்டம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். டிராப்பின் நீராழத்தை அளவுகோலை விட்டு அளந்து காட்டச் சொல்ல வேண்டும். பள்ளத்துக்குள் குழாய்கள் கிடக்கும் நிலையில் நான்கு பக்கங்களிலிருந்தும் புகைப்படம் எடுத்து, சுவரிலிருந்து எத்தனை அங்குலம் என்று குறித்து, வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வைக்க வேண்டும். மேல்மாடி முடிந்ததும் அங்கே ஃபிளஷ் செய்துகொண்டு, கீழ்மாடி டிராப்பின் நீர் அசைகிறதா என்று இருவர் நின்று பார்க்க வேண்டும். கடைசித் தவணைப் பணம் அதற்குப் பிறகு கைமாறினால் போதும்.